தோட்டத்தில் உறைபனி அளக்க எந்த போர்டு: ராஸ்பெர்ரி பையா, ஆரஞ்சு பையா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். ராத்திரி வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒரு சின்ன போர்டும் (ஒரே அட்டையில் அமைந்த குட்டிக் கம்ப்யூட்டர்) டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரும் போதும். எந்த போர்டு என்று கேட்பவர்கள் ரேமையும் விலையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது சாஃப்ட்வேரை.

சாதாரண பிசியில் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஓரளவு பூட் ஆகிவிடும். செல்போனில் இருப்பதைப் போன்ற ஏஆர்எம் சிப் உள்ள இந்த போர்டுகளில் அப்படி இல்லை. எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ என்ற ஃபைல்தான் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, சொல்லும். அதை ஒவ்வொரு போர்டுக்கும் ஒருவர் எழுத வேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் சரிபார்க்கவும் வேண்டும்.

ராஸ்பெர்ரி பைக்கு அதைச் செய்ய ஆள் இருக்கிறார்கள். 2012-ல் வந்த முதல் போர்டில்கூட, ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 2023-ல் வந்த புக்வார்ம் 32 பிட் பதிப்பு ஓடுகிறது. சென்சாருக்கு கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்தால் அளவு வந்துவிடும். குறையும் உண்டு. பை 5-ல் சென்சார் இணைக்கும் ஜிபிஐஓ பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டதால், புரோகிராம்கள் அவற்றை இயக்கப் பயன்படுத்திய பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரி அதில் வேலை செய்யாது. அந்த ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் அடுத்த பதிப்புக்குப் போக, கார்டைப் புதிதாக எழுதத்தான் சொல்கிறார்கள்.

ஆரஞ்சு பை ஜீரோ 3-இல் எச்618 சிப், 4 ஜிபி வரை ரேம். காசுக்கு ஏற்ற பலம் என்று பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது. கம்பெனி தரும் இமேஜில் (கார்டில் எழுதும் ஓஎஸ் ஃபைல்) வைஃபை உட்பட எல்லாம் வேலை செய்யும், ஆனால் அதன் கெர்னல் 5.4 அல்லது 6.1. புதிய கெர்னல் வேண்டுமென்றால் ஆர்ம்பியன், இந்த மாதிரி போர்டுகளுக்கென்று வெளியார் தயாரிக்கும் லினக்ஸ். இந்த போர்டின் வைஃபை டிரைவர் மெயின்லைன் எனப்படும் பொது லினக்ஸ் கெர்னலில் இல்லை. ஆர்ம்பியன் ஆட்கள் தனியாக ஒட்டித் தருகிறார்கள். கெர்னல் அப்டேட்டில் முதலில் கழன்றுபோவது இந்த மாதிரி ஒட்டுகள்தான். அதனால் ஆர்ம்பியன் தளத்தில் உங்கள் போர்டுக்குப் பொறுப்பாளர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆர்ம்பியனில் எனக்கு மிகவும் பிடித்தது, சிஸ்டம் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்கை அடிக்கடி கார்டில் எழுதாமல் ரேமிலேயே வைத்துக்கொள்வது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் எஸ்டி கார்டு கெடுவதுதான் பெரிய தலைவலி. ராஸ்பெர்ரி பையிலும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்து, கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டிவிடலாம். அப்போது பதிவுகளைப் பென்டிரைவில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ரீபூட்டில் எல்லாம் போய்விடும்.

குன்னூரில் வீட்டு அலமாரியில், லேன் கேபிளோடு இருக்கும் ஃபைல் சர்வருக்கு ஆரஞ்சு பையும் ஆர்ம்பியனும் தாராளமாகப் போதும். காட்டுமாடு நடமாடும் தோட்டத்தின் அடிப்பள்ளத்தில், நினைத்த நேரத்தில் இறங்கிப் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் வைப்பதற்கு நான் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவைத்தான் சொல்வேன். அதன் 512 எம்பி ரேம் இந்த வேலைக்கு அதிகம்.

எதை வாங்கினாலும் டிஎஸ்3231 கடிகார மாடியூல் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, ஆரஞ்சு பை ஜீரோ 3 இரண்டிலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்து, நெட்டும் இல்லையென்றால் மணி பின்தங்கிவிடும். விடியற்காலை நாலு மணிக் குளிர் நள்ளிரவுக் கணக்கில் பதிவாகும். ராஸ்பெர்ரி பையில் அந்த மாடியூலுக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரிதான். ஆர்ம்பியனில் உங்கள் போர்டுக்கு அதற்கான ஓவர்லே (டிவைஸ் ட்ரீயில் சேர்க்கும் துணை ஃபைல்) வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.