கொள்ளு தங்கியது, வினிகர் போனது: முலுண்ட் அடுப்படியிலிருந்து ஒரு அனுபவம்

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அடிக்கடி சுற்றி வரும் அந்தப் பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். கிரீன் டீ, தேன் கலந்த எலுமிச்சை வெந்நீர், பட்டை, இஞ்சி, பச்சைமிளகாய், கொள்ளு, முட்டை, ராகி, ஆப்பிள் சைடர் வினிகர். எல்லாமே மெட்டபாலிசத்தை, அதாவது உடல் கலோரி எரிக்கும் வேகத்தை, தூண்டுமாம், தொப்பையைக் கரைக்குமாம். நான் இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு எழுதுகிற விஷயம் இல்லை இது. இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மும்பை முலுண்டில் வீடு, ஃபோர்ட்டில் ஆபீஸ், நடுவில் சென்ட்ரல் லைன் ஸ்லோ லோக்கல். ஏழெட்டு கிலோ குறைந்தது, பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பாதிச் சாமானுக்கு இதில் பங்கே கிடையாது.

முதலில் கொஞ்சம் கணக்கு. நாம் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியில் 60 முதல் 70 சதவீதம் சும்மா படுத்திருந்தாலும் போகும்: இதயம், மூளை, கல்லீரல், உடல் சூடு. சாப்பிட்டதைச் செரிக்க ஏறத்தாழ 10 சதவீதம். மிச்சம் நடை, வேலை, ஓட்டம். உணவால் நேரடியாக அசைக்க முடிவது பெரும்பாலும் செரிமானத்துக்குப் போகும் அந்தச் சின்னப் பங்கைத்தான். அதிலும் உணவுக்கு உணவு வித்தியாசம் உண்டு. புரதத்தில் 100 கலோரி சாப்பிட்டால் 20 முதல் 30 கலோரி அதைச் செரிக்கவே செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. எண்ணெய், நெய் என்றால் அதிகம் போனால் 3. மெட்டபாலிசத்தைத் தூண்டும் உணவு என்று சொல்வதில் உருப்படியானது இவ்வளவுதான்.

லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் தினமும் கேட்கிற வசனம் ஒன்று: "நாற்பது தாண்டியாச்சு, இனிமே மெட்டபாலிசம் படுத்துடும்." நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். 2021-இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை அளந்து பார்த்திருக்கிறார்கள். உடல் அளவையும் தசை அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை எரிக்கும் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறதாம். அதற்கு மேல்தான் மெல்லக் குறைகிறதாம். படித்தபோது ஆறுதலைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, ஏனென்றால் பழி போட இருந்த ஒரே ஆளும் கையைவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நிதானமாக யோசித்ததில், என் எடை ஏறுவது எல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்தான் என்று புரிந்தது. ஸ்டேஷன் வாசலில் வடாபாவ், சில நாள் கூடவே ஒரு சமோசா. ஒரு வடாபாவ் சுமார் 300 கலோரி. வீட்டுக்கு வந்தால் எட்டரைக்கு வழக்கமான சாப்பாடு வேறு.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

கிரீன் டீயை ஆறேழு மாதம் விடாமல் குடித்தேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பு, அதனால் குறையும் எடை மிகச் சொற்பம், பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. என் எடைமெஷினும் அதையேதான் சொன்னது. அதில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் காஃபீன், நம் ஃபில்டர் காபியிலேயே தாராளமாக இருக்கிறது. 100 மில்லிகிராம் காஃபீன் உடலின் ஓய்வுநிலைச் செலவை 3, 4 சதவீதம் கூட்டும், அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. என்னைப் போன்ற ஒருத்திக்குக் கணக்குப் போட்டால் ஒரு டம்ளருக்குப் பத்து கலோரிகூடத் தேறாது. அதே டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 40 கலோரி. மூன்று வேளை காபிக்கு 120. ஆக, காபியை விடாமல் சர்க்கரையை மட்டும் விட்டேன். முதல் இரண்டு வாரம் கஷாயம் குடிப்பது போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. மாட்டுங்காவில் பொடி அரைக்கச் சொல்லும்போது சிக்கரி பங்கையும் குறைத்துவிட்டேன். சர்க்கரை இல்லாத காபியில் சிக்கரிக் கசப்பு தூக்கலாகத் தெரிகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் காபி குடிப்பதையும் நிறுத்தினேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்றுதான் இருக்கிறது. காரணம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அவை தடையாகும் என்பது; எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆப்பிள் சைடர் வினிகர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீர் கலந்து குடித்தாலும் தொண்டை எரிந்தது, பல் கூசியது. புளிப்பு அமிலம் பல் எனாமலை அரிக்கும் என்று பல் டாக்டர் சொன்னதும் விட்டேன். இந்த வினிகரால் எடை குறைகிறது என்று, லெபனானில் செய்ததாக 2024-இல் ஒரு ஆய்வு வந்து ஊரெல்லாம் பேச்சானதே, நினைவிருக்கும். அதை 2025-இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. மிச்சமிருந்த பாட்டிலில் வெங்காயம் ஊறப்போட்டு முடித்தேன். எலுமிச்சை வெந்நீர் குடிக்க இதமாக இருக்கும், தாகம் தீரும். அதில் போடும் ஒரு ஸ்பூன் தேன் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குக் கிட்டத்தட்டச் சமம். பட்டை, மிளகாய், இஞ்சி மூன்றும் சமையலுக்கு ருசி, அவ்வளவே.

மும்பைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இங்கே புளிப்புக்குப் போடும் கோகம் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கும் நம் குமரி, கேரளப் பக்கத்துக் குடம்புளிக்கும் ஒரே தாவரப் பேரினம்தான்: கார்சீனியா. இந்தப் பழத்தோலில் உள்ள ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்து, கொழுப்பு உருகும் என்று காப்ஸ்யூலாக விற்கிறார்கள். ஆபீசில் ஒருத்தி வாங்கி நீட்டினாள். நான் தொடவில்லை. இந்த மாத்திரைகளால் எடை பெரிதாகக் குறைந்ததாக ஆதாரம் இல்லை, கல்லீரல் பாதிக்கப்பட்ட கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. கிரீன் டீ சாற்றை மாத்திரையாக விழுங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. குழம்பில் போடுகிற புளி வேறு, செறிவாக்கி டப்பாவில் அடைத்தது வேறு. கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடியைத் தாராளமாகக் குடியுங்கள், அது தேங்காய்ப்பால் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கொள்ளு. இதற்குத்தான் இவ்வளவு முன்னுரை.

எனக்குப் பிறந்த வீடு கோபி பக்கம். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் அங்கே மழைக்கால வழக்கம். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு' என்று பாட்டி சொல்லச் சொல்லச் சாப்பிட்டு வளர்ந்தவள், மும்பை வந்ததும் மறந்தே போனேன். திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது பக்கத்து வீட்டு மால்வணி காகு (மராத்தியில் சித்தி). கொங்கணில் கொள்ளு மாவில் பிட்லா என்று ஒன்று செய்கிறார்கள். வெங்காயம், பூண்டு, கோகம் போட்டுக் கெட்டியாகக் கிண்டி, சுடுசோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். ஒரு மழை நாளில் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் வைத்ததும், "இது எங்க ஊர் சாமான் காகு" என்றேன். "அதெப்படி, இது எங்க மால்வண் குளித்" (கொள்ளுக்கு மராத்திப் பெயர்) என்று அவர் விடவில்லை. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்.

நான் செய்யும் முறை இது. ஒரு ஆழாக்குக் கொள்ளை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, கல் பொறுக்கி, இரவு ஊறவைப்பேன். கல் விஷயத்தில் சோம்பல் கூடாது. இங்கே சில்லறையில் கிடைப்பதில் கொள்ளு நிறத்திலேயே சின்னச் சின்னக் கல் கலந்து வருகிறது. காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், குக்கரில் ஏழெட்டு விசில். அப்படியும் துவரம்பருப்பு போலக் குழையாது, தோல் கடிபடும். வடித்த செந்நிறத் தண்ணீர் ரசத்துக்கு. பாதிக் கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், மல்லி வதக்கி அதோடு கொரகொரப்பாக அரைத்தால் பருப்பு. மீதிப் பாதியைக் கடுகு, பெருங்காயம் தாளித்துச் சுண்டலாக்கி டப்பாவில் அடைத்துக்கொண்டு ஆபீஸ் போவேன். சின்ன வெங்காயம் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் எப்போதும் கிடைக்கும். ஊறவைக்க மறந்த நாள்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். லோக்கல் டிரெயினில் வயிறு பொருமினால் இறங்கவும் முடியாது, உட்காரவும் முடியாது.

கொள்ளு கொழுப்பைக் கரைக்கிறதா? 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். ஒரு பங்குக்கு 30 கிராம் கொள்ளு என்றால் ஆறு, ஆறரை கிராம், அதாவது ஒரு முட்டைக்குச் சமம். அதைச் செரிக்க உடல் கூடுதலாகச் செலவழிப்பது ஐந்தாறு கலோரிதான். இதை வைத்து எந்தத் தொப்பையும் கரையாது. நடப்பது வேறு. நாலரை மணிக்கு அந்தச் சுண்டலைச் சாப்பிட்டால், புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து எட்டு மணி வரை பசி எட்டிப் பார்ப்பதில்லை. சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் எண்ணெய் வாசனை வரும், கால் தானாக அந்தப் பக்கம் திரும்புவதில்லை. என் வரையில் எடை குறைந்த கதை முழுக்க இதுதான். பொருள் எவ்வளவு எரிக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டபின் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வினிகர் பாட்டில் விலையில் இரண்டு கிலோ கொள்ளு வரும் என்பது உபரி லாபம்.

இந்தக் கணக்கில் முட்டையும் பாஸ். காலையில் இட்லியை மூன்றிலிருந்து இரண்டாக்கி, கூட ஒரு அவித்த முட்டை. மாமியார் சுத்த சைவம் என்பதால் முட்டைக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி ஜன்னல் ஓரம். எனக்கிருந்த எடைக்கு நாளைக்கு ஐம்பத்தைந்து கிராமுக்கு மேல் புரதம் வேண்டும் (உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு). முன்பு நான் சாப்பிட்டதில் நாற்பதே தேறியிருக்காது. மராத்திக்காரர்களின் மட்கி உசலும் நல்ல கண்டுபிடிப்பு. முளைகட்டிய பயறு என்பதால் சீக்கிரம் வெந்துவிடும், வயிறும் மந்தமாகாது. அதன் மேல் ஃபர்சாண் என்கிற மிக்சரைக் கொட்டி மிசல் ஆக்கினால் கணக்கு மாறிவிடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ராகியைப் பற்றிப் பலர் கோபித்துக்கொள்ளக்கூடும். ராகியும் அரிசியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். நார்ச்சத்தும் கால்சியமும் ராகியில் அதிகம், அந்த நார்ச்சத்தால் களி வயிற்றில் நிற்கும். அதே ராகி மாவை வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் பசிக்கிறது. டயட் பிஸ்கட் என்று ராகிப் படம் போட்டு விற்பதைச் சீண்டவே வேண்டாம்.

இந்த ஊரில் எடை குறைப்புக்கு எதிரி என்றால் விரத நாள்தான். சாபூதானா (ஜவ்வரிசி) கிச்சடியும் வடையும் 'லைட்' என்று எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ஜவ்வரிசி என்பது நம் சேலத்துப் பக்கம் மரவள்ளியில் எடுக்கிற ஸ்டார்ச், 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இருக்காது. ஷ்ராவண மாதத்தில் ஆபீசில் தட்டு தட்டாக வரும். நான் கிச்சடியில் இருக்கிற வேர்க்கடலையைப் பொறுக்கித் தின்பேன், பக்கத்து சீட் அக்கா முறைப்பார்.

எடை திடீரென்று ஏறினால், கூடவே களைப்பும் முடி கொட்டலும் இருந்தால், பட்டியலைத் தேடாமல் முதலில் டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். நம் ஆட்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 23-லேயே எச்சரிக்கைக் கோடு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதல் வருடம் முடியும்போது எடை நின்றுவிட்டது. உடம்பு இளைத்தால் அதை நடத்தும் செலவும் குறையும், அதனால் முன்பு குறைத்த அதே சாப்பாடு இப்போது சரியாகப் போதுமானதாகிவிடுகிறது. இங்கே எந்த உணவும் கைகொடுக்கவில்லை. சிஎஸ்எம்டியிலிருந்து ஆபீசுக்கு ஷேர் டாக்சியை விட்டு நடக்க ஆரம்பித்த பிறகுதான் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஜூன், ஜூலை மழையில் மட்டும் டாக்சிதான், முழங்கால் தண்ணீரில் நடக்க நான் தயாரில்லை. அந்த மாதங்களில் ஒரு கிலோ ஏறும். கணபதிக்கு வீடு வீடாக வரும் மோதகமும் தீர்ந்த பிறகு, அக்டோபர் வாக்கில் இறங்கும்.