முதல் கிராபிக்ஸ் லைப்ரரியாக ரேலிப்: ஒரு மதிப்பீடு

ஆயத்த எஞ்சின்களை நாடாமல், விளையாட்டின் நிரலைத் தாமே அடியிலிருந்து எழுதிப் பழக விரும்புவோர் முதலில் தடுமாறும் இடம், எந்த கிராபிக்ஸ் லைப்ரரியில் (திரையில் வரைய உதவும் ஆயத்த நிரல்தொகுப்பு) தொடங்குவது என்பதுதான். கிராபிக்ஸ் கார்டுடன் பேசும் இடைமுகங்களான ஓபன்ஜிஎல், வல்கன், அவற்றைவிட எளிய லைப்ரரிகளான எஸ்டிஎல், எஸ்எஃப்எம்எல் என ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சி மொழியின் அடிப்படை தெரிந்த எவருக்கும் நான் பரிந்துரைப்பது ரேலிப்.

நிரல் எழுதிப் பழக்கமே இல்லாத, கலைத்துறை சார்ந்த மாணவர்களுக்கு விளையாட்டு உருவாக்கம் கற்பித்துவந்த ராமோன் சாந்தாமரியா, 2013-இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பாடம் நடத்துவதற்காகப் பிறந்தது என்பது ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயரிலும் தெரிகிறது. இனிட்விண்டோ என்ற ஒரே அழைப்பில் சாளரமும் ஓபன்ஜிஎல் சூழலும் தயாராகிவிடுகின்றன. பிகின்டிராயிங், எண்ட்டிராயிங் ஆகிய இரண்டுக்கும் நடுவே வரைய வேண்டியதை எழுதினால் போதும். இருபது வரிக்குள் ஒரு வட்டத்தைத் திரையில் நகர்த்திவிடலாம். வல்கனிலோ, ஒரேயொரு முக்கோணத்தைக் காட்டுவதற்கே ஏறத்தாழ ஆயிரம் வரி எழுத வேண்டும். 2016-இல் வெளிவந்த வல்கன், அதுவரை டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) கவனித்துவந்த நினைவக ஒதுக்கீட்டையும் ஒத்திசைவையும் நிரலாளரிடமே ஒப்படைக்கிறது. எஞ்சின் எழுதுவோருக்கு அது வரம், தொடங்குவோருக்கோ ஏன் எழுதுகிறோம் என்றே புரியாத வரிகளின் குவியல்.

எளிமையை மட்டும் கண்டு இதை விளையாட்டுப் பொம்மையாக எண்ணிவிடக் கூடாது. ரேலிப்பின் அடியில் ஆர்எல்ஜிஎல் என்றொரு அடுக்கு இருக்கிறது. பழைய ஓபன்ஜிஎல் 1.1 பாணியில் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும், அது அவற்றைச் சேர்த்துவைத்து, ஓபன்ஜிஎல் 3.3 போன்ற புதிய முறைகளில் மொத்தமாக கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. பஃபர் (தரவை வைக்கும் நினைவகப் பகுதி), ஷேடர் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்), டெக்ஸ்சர் (வடிவங்களின் மேல் ஒட்டப்படும் படம்) ஆகியவை உண்மையில் எப்படி இயங்குகின்றன என்பதை அறிய, ஒரே கோப்பில் அடங்கிய இந்த அடுக்கைப் படிப்பதே நல்ல பாடம். விரிவான கையேடு கிடையாது. ஃபங்ஷன்களின் பட்டியலும் ஏராளமான மாதிரி நிரல்களும்தான் உண்டு. படித்துப் பார்ப்பதைவிட இயக்கிப் பார்த்துக் கற்போருக்கு இது பொருந்தும். மற்றவர்கள் சற்றுத் திணறுவார்கள்.

குறைகளும் உண்டு. சாளரத்தைத் திறப்பதற்கு முன்பே டெக்ஸ்சரை ஏற்றினால் நிரல் முறிந்துவிடும். காரணம் புரியாமல் புதியவர்கள் விழிப்பது பெரும்பாலும் இங்கேதான். ரெக்டாங்கிள், குளோஸ்விண்டோ போன்ற பெயர்கள் விண்டோஸின் சொந்த ஹெடர் கோப்பிலும் இருப்பதால், இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால் கம்பைலர் பிழைகளைக் கொட்டும். முப்பரிமாண மாடல்களை ஏற்ற முடிகிறதே தவிர, ஒளியும் நிழலும் வேண்டுமானால் ஷேடரை நாமே எழுத வேண்டும்.

சி++ மொழியில் இருபரிமாண விளையாட்டு மட்டும் போதும் என்போருக்கு எஸ்எஃப்எம்எல் தாராளமாகப் போதும். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கருவிகளிலும் வெளியிடும் எண்ணம் இருந்தால், எஸ்டிஎல் பக்கம் செல்வதே சரி. 2025 ஜனவரியில் நிலைபெற்ற அதன் 3-ஆம் பதிப்பு, வல்கன், மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி 12, ஆப்பிளின் மெட்டல் ஆகிய மூன்றின் மேலும் இயங்கும் பொதுவான ஜிபியு (கிராபிக்ஸ் செயலி) இடைமுகத்தைத் தருகிறது. ஓபன்ஜிஎல்லை நேரடியாகக் கற்பது இன்றும் வீண் அல்ல. ஆனால் 2017-இல் வந்த 4.6-க்குப் பின் அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை என்பதையும், ஆப்பிள் 2018-இலேயே அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, மேக்கில் 4.1-உடன் நிறுத்திவிட்டதையும் அறிந்தே இறங்க வேண்டும். ரேலிப்பும் ஓபன்ஜிஎல்லின் மேல்தான் நிற்கிறது என்றாலும், ஒரு சிறு விளையாட்டை எழுதி முடித்துப் பார்க்க விரும்புவோருக்கு இதனால் இப்போதைக்குத் தடை எதுவும் இல்லை.