நார்ச்சத்து சேர்த்த சிக்கன் சாசேஜ்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பக்கத்து சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் 'நார்ச்சத்து நிறைந்தது' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட சிக்கன் சாசேஜ் கிடைக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மலச்சிக்கலோடு குடும்பம் நடத்தும் என்னைப் போன்றவர்களைக் குறிவைத்த சரக்கு, வாங்கினேன்.

ருசியில் குறையில்லை. ஓட்ஸ் நார் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், தோசைக்கல்லில் வாட்டும்போது அதிகம் சுருங்கவில்லை. வாயில் மட்டும் லேசான மாவுத்தன்மை.

அட்டையின் பின்பக்கத்தைப் படித்ததும்தான் கோபம் வந்தது. 100 கிராமுக்கு நார்ச்சத்து 3 கிராம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, அந்த அளவுக்கு 'நார்ச்சத்து உள்ளது' என்று சொல்லிக்கொள்ளலாம். 'நிறைந்தது' என்பதற்கு 6 கிராம் வேண்டும். உப்பு மட்டும் தாராளம். அதோடு, பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கொஞ்சம் ஓட்ஸ் நாரைத் தூவினால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

இறைச்சியில் நார் கிடையாது என்பது உண்மைதான். அதற்குத்தான் தால்சா இருக்கிறதே! எலும்புக்கறியோடு கடலைப்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய். பருப்பிலும் காயிலும் உள்ள கரையும் நார் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்கும். குடல் பாக்டீரியாவுக்கும் தீனி கிடைக்கும். செலவும் குறைவு.

மதிப்பெண் 5க்கு 2. இரண்டுமே கல்லில் சுருங்காததற்கு.