பெங்களூரில் பைப்பெட் சர்வீஸ்: வந்த ஆளுக்கு 5 ஸ்டார், ஆபீசுக்கு 2

ஒரு பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இங்கே செல் வளர்க்கிறார்கள், ஹைட்ரோஜெல் செய்கிறார்கள், பேப்பர் போடுகிறார்கள், அதற்கெல்லாம் கையில் எடுக்கிற, திரவத்தைத் துளிக்கணக்கில் அளந்து எடுக்கும் 14 மைக்ரோபைப்பெட்டும் என் பொறுப்பு. யாருடைய ரிசல்ட் சொதப்பினாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

போன வருடம் மொத்தத்தையும் கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்த்துத் திருத்த, இந்தக் கம்பெனிக்கு அனுப்பினோம், பெயர் வேண்டாம். ஒரு வாரம் என்று சொல்லி 19 நாள் இழுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. சான்றிதழில், சரிசெய்த பிறகு எடுத்த அளவு மட்டும்தான் இருந்தது, எல்லாம் பாஸ். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கணக்கு. பிரித்துத் துடைப்பதற்கு முன்னால், போன நிலையிலேயே எவ்வளவு எடுத்தது? அது தெரிந்தால்தானே அந்தப் பைப்பெட்டை வைத்து மூன்று மாதமாகச் செய்த வேலையை நம்பலாமா, திரும்பச் செய்வதா என்று சொல்ல முடியும். போன் போட்டுக் கேட்டால், "இப்ப சரியா இருக்குல்ல சார்?" என்கிறார்கள். இருக்கிறது, நான் கேட்டது அதுவா?

இந்த வருடம் லேபுக்கே வந்து செய்து தரச் சொன்னேன், முதல் அளவும் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிட்டேன். வந்த பையனுக்கு ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கன்னடத்தில் ஆரம்பித்தவர் நான் போனில் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். "அண்ணா, தண்ணிய முன்னாடியே ரூம்ல எடுத்து வச்சீங்களா?" என்றுதான் முதல் கேள்வி. தண்ணீரும் அறையும் ஒரே சூட்டுக்கு வராமல் எடை போட்டால் கணக்கு தப்பிவிடும். அப்புறம் ஏசி காற்று படாத மூலையாகப் பார்த்து, தான் கொண்டுவந்த ஆறு தசமத் தராசை, அதாவது கிராமில் ஆறு தசம இடம் வரை காட்டுவதை, வைத்தார். எங்கள் நாலு தசமத் தராசு 1000 மைக்ரோலிட்டருக்குத் தாங்கும், 10 மைக்ரோலிட்டருக்கெல்லாம் ஆகாது. ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், அதை ஒவ்வொரு அளவுக்கும் பத்து முறை எடுத்து எடுத்து நிறுக்கிறார், அவசரமே இல்லை.

என் சந்தேகம் 200 மைக்ரோலிட்டர் பைப்பெட் மேல்தான். சராசரி 193.4 வந்தது. பைப்பெட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8655 அந்த அளவுக்கு விடுகிற பிழை 1.6 மைக்ரோலிட்டர்தான். கழற்றினால் பிஸ்டனில் வெள்ளையாகப் பொருக்கு. "உப்புண்ணா. டிப்ல பஃபரோட படுக்க வச்சிருக்காங்க, உள்ள ஓடியிருக்கு" என்றார். டிப் என்பது நுனியில் மாட்டும் குழல், பஃபர் என்பது உப்புக் கரைசல். பக்கத்தில் நின்ற பிஎச்டி மாணவர் மெதுவாக இன்குபேட்டர் பக்கம் போய்விட்டார்.

ஒன்றுக்கு 1,100 ரூபாய், உள்ளே கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையம் தனி. ஒரே நேரத்தில் எட்டு டிப்பில் எடுக்கும் எட்டு சேனல் பைப்பெட் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சேனலையும் ஒரு பைப்பெட்டாக எண்ணி பில் போடுகிறார்கள். வேலையும் எட்டு மடங்குதான், நியாயம்தான், ஆனால் பில்லைப் பார்த்த எங்கள் பேராசிரியரிடம் அதைச் சொன்னது நான். சான்றிதழ் மெயிலில் வந்தபோது இரண்டு சீரியல் நம்பர் தப்பு, திருத்த மூன்று மெயில்.

வண்டியில் எடுத்துப்போய்ச் செய்யும் சர்வீஸ் வேண்டாம். நேரில் வரச் சொல்லுங்கள், முதல் அளவு வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த வருடமும் அந்தப் பையனையே அனுப்பச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.