ஆர்டர் படமும் சொந்தப் படமும்: எந்த வழி தாங்கும்?

போட்டோகிராபி பிழைப்பான பிறகு சொந்தப் படம் எடுக்க நேரமே இல்லை என்று பலரும் வருந்துவார்கள். நேரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கண்ணுக்கு ஏற்படும் பழக்கம். மாதக்கணக்கில் ஆர்டருக்காகவே எடுத்தால், முகத்தில் வெளிச்சம், சுத்தமான பின்னணி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நாலு ஷாட் என, யாரும் கேட்காமலே கை அங்கே போய்விடுகிறது. அதனால் கண்ணை எது காப்பாற்றும் என்று பார்த்தே, பிழைப்போடு சொந்தப் படமும் எடுக்கிற வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதலாவது, ஆர்டர் வேலை, சொந்தப் படம் இரண்டையும் கூடவே நடத்துவது. அமெரிக்க போட்டோகிராபர் சால் லைட்டர் ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற பத்திரிகைகளுக்கு ஃபேஷன் படம் எடுத்தவர். 1940களின் கடைசியிலிருந்தே நியூயார்க்கில், பெரும்பாலும் தன் வீட்டைச் சுற்றிய தெருக்களில், கலர் ஸ்லைடு ஃபிலிமில் தனக்காகவும் எடுத்துவந்தார். நீர் கோத்த கண்ணாடி, குடைகள், பனி. அவை பரவலாகப் பேசப்பட்டது 2006-க்குப் பிறகுதான். அப்போது அவருக்கு 80 தாண்டிவிட்டது. வாசலிலேயே தொடங்கிவிடுகிற படத்துக்கு லீவு போடத் தேவையில்லை என்பதுதான் இந்த வழியின் பலம்.

ஆனால் கருவியைப் பிரித்துவைக்க வேண்டும். வேலைக்கு 24-70 ஜூம் என்றால், தனக்கு ஜூம் இல்லாத ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ் போதும். நெருங்க வேண்டுமானால் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் முகம் சின்னதாகி, சுற்றியிருக்கிற எல்லாம் ஃபிரேமுக்குள் வந்துவிடும். ஆர்டர் பழக்கம் அங்கேயே உடைகிறது. மெமரி கார்டும் தனியாக இருக்கட்டும். இல்லையென்றால் வாடிக்கையாளருக்குப் படம் பொறுக்குகிற அவசரத்தில், கொஞ்சம் அசைந்த, பாதி இருட்டான நல்ல படத்தையும் அதே கண்ணால் தள்ளிவிடுவோம்.

இரண்டாவது, முதலில் சம்பாதிப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது. போட்டோகிராபர் ஆந்த்ரே கெர்டெஸ் 1962 வரை பல ஆண்டுகள் ஹவுஸ் அண்ட் கார்டன் பத்திரிகைக்கு வீடுகளைப் படமெடுத்தார். அதை விட்டபோது வயது 70-ஐ நெருங்கியிருந்தது. 1964-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. கேட்க நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1952-இல் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த மாடி வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து, அந்த உயரத்திலிருந்தே தனக்காக எடுத்துவந்தார். ஆக, தள்ளிப்போட்டவர் போலத் தெரிகிறவரும் நடந்தது முதல் வழியில்தான். சீசன் முடிந்து ஒரு மாதம் ஒதுக்குவதிலும் இதே சிக்கல்: கண் திரும்பி வருவதற்குள் பாதி மாதம் போய்விடும்.

மூன்றாவது, பிழைப்புக்கு வேறு வேலை. விவியன் மேயர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபடி ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தார். கண் முழுக்க அவருடையது. ஆனால் எத்தனையோ ஃபிலிம் ரோல்கள் கழுவப்படாமலே கிடந்தன. எடுத்ததை முடித்துக் கையில் கொடுக்கும் ஒழுங்கை ஆர்டர் வேலை கற்றுத்தருகிறது. அது சின்ன விஷயமில்லை.

நான் முதல் வழியின் பக்கம். சொந்த நாளிலும் வாடிக்கையாளர் குரலே காதில் கேட்கிறது என்பவர்களுக்கு மட்டும் மூன்றாவதைச் சொல்வேன். இன்னொன்று: சொந்தப் படங்களை, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் சேர்க்க அவசரம் வேண்டாம். சேர்த்தால் அதே பாணியில் எடுத்துத்தரச் சொல்லி ஆர்டர் வரும். சரி, சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாணியும் வேலையாகிவிடும்; தனக்கென்று வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும்.