கதையில் பிழை சொல்ல எது நல்ல வழி: சிவப்புப் பேனாவா, குரல் பதிவா, ஒரு பக்கத் திருத்தமா?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கதை எழுதுகிற எங்கள் கூட்டத்தில், யாராவது "படிச்சிட்டு சொல்லுப்பா" என்று கதையை நீட்டினால் இலக்கணத்தையும் நிறுத்தற்குறியையும் எப்படிச் சொல்வது என்பதில் மூன்று கட்சி உண்டு.

முதல் கட்சி வரிக்கு வரி திருத்தும். பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனா, இல்லையென்றால் கூகுள் டாக்ஸ். எதுவும் தப்பாது, அது உண்மைதான். ஆனால் பக்கமே சிவந்து கிடந்தால் எது பெரிய பிழை, எது சில்லறை என்று தெரியாது. எழுதியவர் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த கதையிலும் அதையே செய்வார். இன்னொரு தொல்லை, உரையாடலிலும் கை வைத்துவிடுவார்கள். காசிமேட்டில் வலை இழுக்கிறவர் "அப்பால இஸ்துக்கலாம் நைனா" என்றால் அதை "பிறகு இழுத்துக்கொள்ளலாம் ஐயா" என்று மாற்றினால் அவர் தமிழாசிரியர் ஆகிவிடுகிறார். அங்கே கேட்க வேண்டியது வேறு: இதே ஆள் ஓர் இடத்தில் "வந்துகினு", இன்னோர் இடத்தில் "வந்துக்கிட்டு" என்கிறாரே, வேண்டுமென்றே எழுதியதா?

வாட்ஸ்அப் குரல் பதிவு சௌகரியம், திட்டினாலும் அன்பாகக் கேட்கும். ஆனால் "சந்தி கொஞ்சம் பாருங்க, கமா ஜாஸ்தி" என்பதோடு முடிந்துவிடும். எந்த வரி என்று எழுதியவர்தான் தேடணும்.

நான் மூன்றாவது கட்சி. ஒரு பக்கத்தை மட்டும் முழுசாகத் திருத்தி, திரும்பத் திரும்ப வருகிற இரண்டு மூன்று பிழைகளைக் காரணத்தோடு எழுதிக் கொடுத்து, மீதியை அவரையே பார்க்கச் சொல்வது. பொருள் மாறுகிற இடம்தான் முதலில். 'கத்திக்கொண்டு வந்தான்' என்றால் சத்தம் போட்டபடி வந்தான். 'கத்தி கொண்டு வந்தான்' என்றால் கையில் கத்தி. ஏற்கெனவே வடசென்னை என்றாலே கத்தி என்கிறார்கள், ஒரு 'க்' போனதில் நம் ஆளே ரவுடியாக வேண்டுமா? 'அண்ணா கடலுக்குப் போனார்' என்றால் போனது அண்ணன். 'அண்ணா, கடலுக்குப் போனார்' என்றால் வேறு யாரோ போனதை அண்ணனிடம் சொல்கிறோம். இப்படிக் காட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை, விதி எண் சொன்னால்தான் கோபம் வருகிறது. ஒரு, ஓர் எல்லாம் நேரமிருந்தால் பார்க்கலாம்.

வாணி, நாவி மாதிரி இணையத்தில் தமிழ்ப் பிழைதிருத்திகள் இருக்கின்றனவே என்பார்கள். எழுதியவரே முதலில் அதில் ஓட்டிவிட்டுக் கொடுத்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் 'சட்டையில் கறை' என்பதை 'சட்டையில் கரை' என்று எழுதினால் கரையும் சரியான சொல்தானே, அதற்கு மனுஷக் கண் வேண்டும்.

நாளைக்கே பத்திரிகைக்கு அனுப்புகிற கதை என்றால் மட்டும் முதல் கட்சிக்காரரிடம் கொடுங்கள். "உரையாடலைத் தொட வேண்டாம்" என்று முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.