2 டன் ட்ராலி ஜாக்: சீல் மாற்றிய பிறகும் தீராத ஒரு குறை

என் ட்ராலி ஜாக்குக்கு (எண்ணெய் அழுத்தத்தால் காரைத் தூக்கும், சக்கரம் வைத்த ஜாக்) போன வாரம் சீல் செட், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை, மாற்றி முடித்தேன். மாற்றிய கையோடு இதை எழுதுகிறேன். அது பழுதானபோது வந்த கோபத்தைவிட, பழுதே இல்லாமல் உழைத்த வருஷங்களில் அதன்மேல் எனக்கு வந்த கோபம்தான் அதிகம். எத்தனை டன், எவ்வளவு உயரம் தூக்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பழுது. வண்டியை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வை நன்றாக இறுக்கியிருந்தும், தூக்கிய வண்டி மெல்ல இறங்க ஆரம்பித்தது. தூக்கிய வண்டிக்கு முட்டாக வைக்கும் இரும்பு ஸ்டாண்டை உள்ளே நகர்த்துவதற்குள்ளேயே அதன் தலைக்கும் வண்டியின் விளிம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் பெரிய பிஸ்டனின் சீல் ஒரு பக்கம் நைந்து, எண்ணெயில் கறுப்புத் துகள்கள் மிதந்தன. அந்தத் துகள் ஒன்று, எண்ணெய் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வின் எஃகுக் குண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தாலும் இதே கதைதான். எல்லாவற்றையும் துடைத்து, புது சீல் போட்டு, ஜாக்கின் தூக்கும் கையை முழுக்கத் தாழ்த்தி வைத்த நிலையில் ஜாக் ஆயில் ஊற்றினேன். அப்புறம் ரிலீஸ் வால்வைத் திறந்துவிட்டு, காற்று வெளியேறும்வரை கைப்பிடியை அடித்தேன். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சாதாரண ஜாக் சீல்கள் அதில் ஊறிக் கெட்டுப்போகும். ஓவர்லோடு வால்வின் திருகையும் தொடக் கூடாது. தாங்கும் எடைக்கு மேல் போனால் எண்ணெயைத் திருப்பிவிடுவதற்காகத் தொழிற்சாலையில் அளவு வைத்து அனுப்புவது அது.

வீட்டிலேயே பிரித்து மாட்டக்கூடிய ஜாக் என்பது பெரிய விஷயம், அந்தப் பாராட்டு இதற்கு உண்டு. இறக்கும்போதும் சொன்னபடி கேட்கிறது. ரிலீஸ் வால்வைத் துளித் துளியாகத் திறந்து, வண்டியை ஸ்டாண்டின் தலையில் சத்தமில்லாமல் உட்கார வைக்கலாம்.

ஆனால் சரியாக வேலை செய்கிற ஜாக்காக இருந்தாலும், மேலே நிற்கும் எடையைத் தாங்குவது ஒரு மெல்லிய ரப்பர் வளையமும் ஒரு சின்ன எஃகுக் குண்டும்தான். அதை நம்பி உடம்பை உள்ளே விடவே கூடாது. டிக்கியில் வரும் கத்திரி ஜாக்கும் டயர் மாற்ற மட்டும்தான். கீழே போவதென்றால் ஸ்டாண்ட் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது. அவை வளைந்து எச்சரிக்கை தராது, சட்டென்று நொறுங்கும்.

என் ஸ்டாண்டுகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பல் வைத்த ராட்செட் வகை, கூடவே குறுக்கே செருகும் பூட்டுக் கம்பியும் உண்டு. அந்தக் கம்பி இல்லாத ஸ்டாண்டை நான் வாங்க மாட்டேன். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல்லும் அதைப் பிடிக்கும் கொக்கியும் சரியாகக் கவ்வாமல் போகலாம், வண்டி நகர்ந்தால் ஸ்டாண்ட் இறங்கிவிடலாம் என்பது காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றையும் அதே ஆண்டில் வெல்டிங் குறையால் திரும்பப் பெற்றார்கள். அதனால் வண்டியின் எடை இறங்கியதும் கொக்கி பல்லுக்குள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன், பிறகு கம்பியைச் செருகுவேன். இன்னொன்று: ஸ்டாண்டில் போட்டிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் தகடு விளிம்பில் இரண்டு சின்ன வெட்டு இருக்கும். அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில்தான் தகடு பலப்படுத்தப்பட்டிருக்கிறது. கத்திரி ஜாக்கின் தலையில் விளிம்பு உட்காரப் பள்ளம் இருக்கிறது, சரி. ட்ராலி ஜாக்கின் தலை வட்டக் கிண்ணம். அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் பலமான இடம் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்கிறது. அப்படியானால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? கொஞ்சம் தள்ளி வைத்தால் விளிம்பு மடங்குகிறது. உள்ளே தள்ளினால் தரைத்தகடு குழிகிறது. இன்ஜின் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப் என்றால் பேச்சுக்கே இடமில்லை. சஸ்பென்ஷன் கை அசையக்கூடியது, அதில் முட்டுக் கொடுப்பது முட்டே இல்லை. வண்டி செய்கிறவர்கள் மூலைக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டு, கீழே போகிறவனுக்கு இரண்டு இடம் வேண்டும் என்பதை நினைத்தே பார்க்கவில்லை. ஸ்டாண்ட் வைக்கச் சோம்பல்பட்டு ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகிறவர்களில் பலரை அப்படிப் போக வைப்பது இந்த இடப் பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

இதற்கு வழி உண்டு. என் வண்டியின் கையேட்டில் முன்பக்க நடுவில், குறுக்குச் சட்டத்தில், ஜாக் வைக்க ஓர் இடம் காட்டியிருக்கிறார்கள். அங்கே தூக்கினால் இரண்டு பக்கமும் விளிம்பு காலியாகக் கிடைக்கும், இரண்டு ஸ்டாண்டையும் ஒழுங்காக வைக்கலாம். எல்லா வண்டிக்கும் இந்த இடம் இருக்காது, கையேட்டில் காட்டாத இடத்தில் ஜாக்கைக் கொடுக்கவும் கூடாது. மின்சார வண்டிகளில் அடிப்பக்கம் முழுக்கப் பேட்டரி என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

என் ஜாக்கின் குற்றம் இங்கேதான். உடம்பு குட்டை. நடு இடத்துக்கு அது போய்ச் சேரும்போது கைப்பிடி பம்பருக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. ஒரு சாண் அளவுக்குக்கூட அடிக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் முன் சக்கரங்களைத் தடித்த பலகைகள்மேல் ஏற்றி நிறுத்தி, உயரம் கிடைத்த பிறகுதான் ஜாக்கை உள்ளே விட வேண்டியிருக்கிறது. ஆயில் மாற்றும் வேலையைவிடத் தூக்கும் வேலைக்கு நேரம் அதிகம்.

பலகை வேலை நடக்கும்போது சக்கரம் உருளாமல் வைக்கும் கட்டையை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது எதையும் பிடிக்காது. கியரில் போட்டிருக்கிறேன் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை: முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் இருந்தால், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அதைச் சுற்றவிடும், தரையில் இருக்கிற சக்கரம் உருளலாம். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டால்தான் சரி.

தரையும் முக்கியம். ஜாக்கின் கை மேலே போகும்போது நேராகப் போவதில்லை, வளைந்து போகிறது. அதற்கு ஈடாக ஜாக்கே சக்கரங்களில் கொஞ்சம் உருள வேண்டும். வழவழப்பான கான்கிரீட்டில் அது தானாக நகர்வதைப் பார்க்கலாம். சரளையிலோ, வெயிலில் இளகிய தாரிலோ அந்தச் சின்ன இரும்புச் சக்கரங்கள் புதைந்துவிடும். ஜாக் நகராது, கிண்ணம் மட்டும் வண்டியை இழுக்கும். ரப்பர் பேட் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உடனே இறக்கிவிட்டு இடத்தை மாற்றுவேன்.

ஸ்டாண்டில் உட்கார்ந்ததும், கீழே போகும் முன், வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்க்கிறேன். விழுவதாக இருந்தால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஜாக்கை எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி விட்டுவைக்கிறேன், கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து விளிம்புக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய வண்டியில் நீளமான ஸ்பேனரை மாட்டி இழுப்பது வண்டியைத் தள்ளிவிடுவதற்குச் சமம்.

இதே ஜாக் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அது தவறான பதிலாக இருக்கலாம். தூக்குகிறது, இறக்குகிறது, சீல் போனாலும் மீண்டும் எழுந்து நிற்கிறது, என் ஜாக்கை நான் விற்கப்போவதுமில்லை. ஆனால் அந்தப் பலகைகளை இன்னொருவர் சுமப்பதை நான் விரும்பவில்லை. உடம்பு நீளமான, தலை தாழ்வான ஜாக் எடுங்கள். எடுக்கும் முன் பம்பர் விளிம்பிலிருந்து நடு இடம்வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். கையேட்டில் நடு இடமே இல்லாத வண்டி என்றால், ஜாக்கின் தலை நடுவே புகுந்து தூக்கிய பிறகு அதே புள்ளியில் நின்றுவிடும் ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன, அதைப் பாருங்கள். பணம் குறைவாக இருந்தால் ஜாக்கைத் தள்ளிப்போட்டு, ஸ்டாண்டை முதலில் வாங்குங்கள்.